இருபத்தோராவது கேள்வி

டி.சி. வாங்கத்தான் சிங்காரவேலு அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனார். பொங்கல் கழிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வாடைக் காற்று முழுக்க அடங்கவில்லை. கடலுக்குப் போனவர்கள் பாதி வலையை நனைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திருமலைராயன்பட்டினத்து மீனவர் தெருவில் வெயில் ஏறின பிறகும் பனியின் ஈரம் மணலில் காயாமல் கிடந்தது.

"இன்னிக்குக் கடலுக்குப் போவலல்ல? பள்ளிக்கூடத்துல போயி பேர வெட்டிட்டு சீட்ட வாங்கிட்டு வாங்க" என்று அஞ்சுகம் விடிந்ததுமே சொல்லிவிட்டாள். ஏலத்தில் எடுத்த கானாங்கெளுத்தியைக் கூடையில் அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். "இந்த வீட்டுல அப்புடி ஒருத்தி இருந்தான்னு ஒரு காயிதம் இருக்கப்படாது."

அந்த ஒருத்தி பூங்கொடி. ஒரே மகள். பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சுனாமி வந்த வருஷம் பள்ளிக்கூடம் தவறிப்போய் ஒரு வகுப்பு பின்னால் தங்கியதால் பதினெட்டு வயது ஐப்பசியிலேயே முடிந்திருந்தது. மார்கழி பிறந்த நாலாம் நாள், அரைப்பரீட்சைக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் சாயங்காலம் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வீட்டுப் போனுக்குத்தான் தகவல் வந்தது. அம்பகரத்தூர் மணிவேலுவைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டேன், தேட வேண்டாம் என்று. டிராக்டர் பழுது பார்க்கிற பையன். சாதியும் வேறு, தொழிலும் வேறு. அஞ்சுகம் தன் அண்ணன் மகனுக்கென்று வாக்குக் கொடுத்து வைத்திருந்தாள். அண்ணன் வந்து வாசலில் நின்றபடியே, "இனிமே எனக்குத் தங்கச்சி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அஞ்சுகம் கிணற்றடியில் மகளுக்குத் தலை முழுகினாள்.

பள்ளிக்கூட ஆபீசில் எழுத்தர் குஞ்சிதபாதம் ஒரு படிவத்தைக் கொடுத்து, "பூர்த்தி பண்ணிக் கையெழுத்துப் போடுங்க. நான் ஒரு டீ சாப்ட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனார். சிங்காரவேலு படிவத்தை மடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். பேனாவும் இல்லை, அதைக் கேட்க ஆளும் இல்லை. எதிரே அறிவிப்புப் பலகையில் வெள்ளைத் தாள் ஒன்று குத்தியிருந்தது. ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத்தொட்டு வாசிப்பார்.

விலங்கியல், சனிக்கிழமை இணையத் தேர்வு, இருபது மதிப்பெண்ணுக்கு. கீழே வரிசையாகப் பெயர்கள். ஒன்பதாவது பெயரில் அவர் விரல் நின்றுவிட்டது. சி. பூங்கொடி. பதினேழு.

தேதியைப் பார்த்தார். போன சனிக்கிழமை. அவள் போய் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிறது. வேறு பூங்கொடியோ என்று மறுபடி மேலிருந்து கீழே வாசித்தார். ஒரே பூங்கொடிதான்.

விலங்கியல் டீச்சர் கல்யாணசுந்தரி கம்ப்யூட்டர் அறையில் இருந்தாள். பத்து கம்ப்யூட்டரில் நாலுதான் ஓடும். அவரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க."

"டீச்சர், அந்தப் பலகையில எம் மவ பேரு இருக்குங்களே..."

"இருக்கும். எழுதுறாள்ல?"

"இங்க வர்றாளா?"

"வரலண்ணே. இது கம்ப்யூட்டர்ல வைக்கிற பரீட்சை. நான் கேள்வியப் போட்டு வச்சுட்டா எந்த ஊர்ல உக்காந்தும் எழுதலாம். இங்க இருக்குற நாலு பொட்டி பத்தலன்னுதான், பிரவுசிங் சென்டர்ல போயும் எழுதுங்கன்னு சொன்னேன். ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு ரகசியச் சொல்லு குடுத்திருக்கேன். அவளோடத நான் எடுக்கல, அவளும் விடல. சனிக்கிழமை சாயங்காலம் நாலு நாலரைக்கு வந்து எழுதிட்டுப் போயிர்றா."

"எங்கேருந்துங்க?"

"அதெல்லாம் இதுல தெரியாது. எழுதுன நேரம் தெரியும், எத்தன நிமிசம்னு தெரியும், எது தப்பு எது சரின்னு தெரியும். அவ்வளவுதான்."

சிங்காரவேலு கையிலிருந்த படிவத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார்.

"பெரிய பரீட்சை எழுத விடுவாங்களா டீச்சர்?"

"எழுதப்போறவங்க பட்டியல்ல அவ பேரு எப்பவோ போயாச்சு. வருகை நாளும் இருக்கு. நீங்க டி.சி. வாங்காம இருந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து, "கிளார்க்கு லீவு" என்று பொய் சொன்னார். அஞ்சுகம் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் அவள் அவரைப் "பூங்கொடி அப்பா" என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை என்று ஆன பிறகு அவரைக் கூப்பிட அவளுக்கு ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது. தட்டை வைத்துவிட்டுப் போவாள். வைத்த சத்தத்தைக் கேட்டு இவர் வந்து உட்கார வேண்டும். அவர் தின்று எழுந்த பிறகு அவள் தனியாகத் தின்பாள்.

அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் அவருக்குப் பள்ளிக்கூட வேலை வந்துவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குப் படகு தள்ளிப் போனால், கரையேறி, வலையை உதறி, மீனைப் பிரித்து முடிக்கப் பத்து மணியாகிவிடும். கூட்டாளி சின்னப்பிள்ளை வலையை மடித்துக்கொண்டிருக்கையில் இவர் குளித்துச் சட்டை போட்டுக்கொள்வார்.

"எங்கடா வாராவாரம் மாப்ள மாதிரி கெளம்புற?"

"ஆஸ்பத்திரிக்கு. முட்டி வலி."

"முட்டி வலிக்குத் திங்கக்கெழம மட்டுந்தான் மருந்து தர்றாங்களா?"

இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பதினாறு. பதினெட்டு. மறுபடி பதினெட்டு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டால் அந்த வாரத்துக்கு மகள் உயிரோடு இருக்கிறாள், சோறு தின்கிறாள், புத்தகம் திறக்கிறாள். திரும்பி வரும்போது சொல்ல ஆள் இருக்காது. பதினெட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். குஞ்சிதபாதம் சன்னல் வழியே, "டி.சி. என்னாச்சு?" என்பார். "படிவம் நனைஞ்சுபோச்சுங்க" என்பார் இவர். அடுத்த வாரமும் அது நனைந்தே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை போனபோது டீச்சரே கூப்பிட்டாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு நடந்துச்சு. பூங்கொடி வந்திருந்தா. நல்லாச் செஞ்சா."

சிங்காரவேலு நின்றபடியே இருந்தார். வெள்ளிக்கிழமை அவர் கடலில் இருந்தார். சங்கரா மீன் நன்றாகப் பட்ட நாள். இன்னும் ஒரு பாடு வலை போடலாம் என்று சின்னப்பிள்ளையிடம் சொன்னதே அவர்தான். கரைக்கு வர மத்தியானம் ஒரு மணி ஆயிற்று.

"எத்தன மணி வரைக்கும் இருந்தா?"

"பன்னெண்டரை இருக்கும்."

"எப்புடி இருந்தா?"

"கொஞ்சம் இளைச்சிருந்தா. புடவை கட்டியிருந்தா. எனக்கே மொதல்ல அடையாளம் தெரியல."

"அவ புடவை கட்டி நான் பாத்ததில்ல" என்றார். பிறகு எதற்கோ மன்னிப்புக் கேட்பவர்போல், "கடலுக்குப் போயிட்டங்க" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் பலகையில் ஒன்பது என்று இருந்தது.

ஒன்பதை மறுபடி விரல் வைத்து வாசித்தார். கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். டீச்சர் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

"பத்துக் கேள்விதான் எழுதியிருக்கா. அதுல ஒன்னுதான் தப்பு. மிச்சம் பத்தத் தொடவே இல்ல. ஏழே நிமிசம். பாதியில எழுந்து போயிருக்கா."

"ஏன்?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? கரண்டு போயிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாயிருக்கலாம்."

"அடிக்கிறானோ?"

டீச்சர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க கேக்க முடியாதுங்களா இதுல?"

"இது பேசுறதுக்கு இல்லண்ணே. நான் கேள்வி போடுவேன், நாலு பதில் குடுப்பேன். அதுங்க ஒன்னத் தொட்டுட்டுப் போயிரும். வகுப்புல 'புரிஞ்சுதா'ன்னா நாப்பத்திரெண்டும் தலையாட்டும். சிறுநீரகம் நடத்திட்டு இதுல கேள்வி வச்சேன், முப்பது பேரு தப்பு. வாய்விட்டுச் சொல்லாதத இதுதான் சொல்லுது. ஆனா பாடத்துல உள்ளத மட்டுந்தான் சொல்லும்."

அந்தச் சனிக்கிழமை சிங்காரவேலு திருநள்ளாற்றுக்குப் போனார். அம்பகரத்தூர் பஸ் அந்த வழிதான். கம்ப்யூட்டர் கடை என்றால் அவள் அங்கேதான் இறங்கியாக வேண்டும் என்று ஒரு கணக்கு. சனிக்கிழமையானதால் ஊர் கொள்ளவில்லை. நளன் குளத்தில் முழுகி ஈரத்தோடு வருகிறவர்களும் எள்ளு விளக்கு விற்கிறவர்களுமாக, நிற்க இடமில்லை. விசாரித்து இரண்டு கடைகளைக் கண்டுபிடித்தார். மூன்றரை மணியிலிருந்து ஐந்தரை வரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருந்த முதுகுகளைப் பார்த்தார். எந்த முதுகும் அவர் வளர்த்த முதுகு இல்லை.

கடைக்காரர் இக்பால் வெளியே வந்து, "யாரைத் தேடுறீங்கண்ணே?" என்று கேட்டார்.

"யாருமில்லீங்க. பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

"பஸ்ஸு அந்தாண்டல்ல நிக்கும்?"

"சரிங்க" என்று அந்தப் பக்கம் நடந்தார். அத்தனை கூட்டத்திலும் அவரை இடித்துவிட்டுப் போனவர்கள்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பலகையில் பதினைந்து. எழுதியிருக்கிறாள். வேறு எங்கேயோ.

அந்த வாரம் கடலில் வலை விட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் ஒன்றையே யோசித்தார். வியாழக்கிழமை கரையேறிய கோலத்திலேயே, உப்புப் பூத்த கால்களோடு, டீச்சரிடம் போய் நின்றார்.

"ஒரு கேள்வி நான் சொன்னா போடுவீங்களா?"

"என்ன கேள்வி?"

"மீன் தூங்குமா?"

டீச்சர் அவரைப் பார்த்தாள்.

"அவ நாலு வயசுல கேட்டதுங்க. கூடையில கெடந்த மீனத் தொட்டுப் பாத்துட்டு, 'ஏம்ப்பா இது தூங்குதா?'ன்னா. செத்துப்போச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆமாம்மா தூங்குதுன்னேன். 'கண்ணு தொறந்துல்ல இருக்கு?'ன்னா. மீனு கண்ண மூடாமத்தாம்மா தூங்கும்னேன். ரொம்ப நாளு அவளும் கண்ண மூடாம தூங்கிப் பாப்பா. இது எனக்கும் அவளுக்கும் மட்டுந்தான் தெரியும். நான் கேக்குறேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்."

"அது பாடத்துல இல்லையேண்ணே."

"இல்லீங்களா?"

டீச்சர் கொஞ்ச நேரம் மேசையில் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மீனுக்கு இமை கெடையாது. அதுவும் விலங்கியல்தான். இருபதோட இருபத்தொன்னாப் போட்டுடுறேன். அதுக்கு மார்க்கு இல்ல. இந்த வாரம் கடைசித் தேர்வு, கூடவே ஒரு கருத்துக் கேட்பும் வைக்கிறேன். எந்தப் பாடம் புரியல, எப்புடி நடத்துனா புரியும், இதெல்லாம். அடுத்த வருஷப் புள்ளைங்களுக்கு ஆகும். கடைசியில சொல்ல விரும்புறத எழுதுங்கன்னு ஒரு கட்டம் இருக்கும். எழுதுனா எழுதுவா."

திங்கட்கிழமை படகு தள்ளவில்லை. சின்னப்பிள்ளையிடம் முட்டி வலி என்றார். பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பே வாசலில் நின்றார். டீச்சர் வந்து, பூட்டைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டாள்.

"இருபத்தெட்டுப் பேரு மீன் தூங்காதுன்னு போட்டிருக்கு" என்றாள் டீச்சர். "கடலோரத்துல பொறந்த புள்ளைங்க!" பிறகு கீழே நகர்த்தினாள். "இதோ பூங்கொடி. தூங்கும், கண்ணை மூடாது. எப்பவும் இருபது நிமிசத்துல முடிக்கிறவ. அன்னைக்கு அம்பது நிமிசம் உக்காந்திருக்கா."

"அந்தக் கட்டத்துல?"

"கருத்துக் கேட்புல பேரு வராதுண்ணே. வராதுன்னு சொல்லித்தான் எழுதச் சொன்னேன்." ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்திருந்தது. அவள் நிதானமாக வாசித்தாள்.

"'இருபத்தொன்னாவது கேள்வி பாடத்துல இல்ல. யாரு கேட்டதுன்னு தெரியும். அன்னைக்கு வாந்தியா வந்துச்சு, பாதியில எழுந்துட்டேன். இப்ப பரவால்ல. பயப்படுற மாதிரி ஒன்னுமில்ல. அவரு நல்லா வச்சிருக்காரு. பரீட்சைக்கு எல்லா நாளும் வருவேன். வாசல்ல வந்து நிக்கவேணாம்னு சொல்லுங்க டீச்சர். நின்னா என்னால எழுத முடியாது.'"

சிங்காரவேலு இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"அம்மாவப் பத்தி ஒன்னுமில்லீங்களா?"

"இல்லண்ணே."

அவர் தலையாட்டினார். "வாந்தின்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வெளியே வரும்போது சட்டைப்பையிலிருந்த டி.சி. படிவத்தை எடுத்துக் குஞ்சிதபாதத்தின் மேசையில் வைத்தார். "வேண்டாங்க."

அதன் பிறகு பலகையில் அவருக்கென்று எதுவும் வரவில்லை. தேர்வுகள் முடிந்துவிட்டன. அடுத்த திங்கட்கிழமை பழக்கத்தில் போனார். பலகையில் ஹால் டிக்கெட் வாங்க வரவேண்டிய நேரம் மட்டும் ஒட்டியிருந்தது. அதை முழுக்க வாசித்துவிட்டுத் திரும்பினார்.

மார்ச் மாதம் பரீட்சை தொடங்கிய அன்று கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. தெருவில் எல்லாப் படகும் போயிருந்தன. சிங்காரவேலு போகவில்லை. வாசலில் நிற்கக் கூடாது என்றவளுக்கு வாக்குக் காப்பாற்ற வேண்டும். நடுக்கடலிலும் இருக்க முடியாது. கொல்லையில் பூவரச நிழலில் கிழிந்த வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்தார். ஊசி கையில் இருந்தது. பத்து மணிக்கு ஒரு கண்ணி போட்டார். பத்தேகாலுக்கும் அந்தக் கண்ணியிலேயே இருந்தார்.

பதினொன்றரைக்கு அஞ்சுகம் கூடையோடு திரும்பினாள். விற்றது போக நாலைந்து கிழங்கான் மிஞ்சியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து, செதில் சுரண்டி, குடல் எடுத்துக் கழுவினாள். அடுப்பில் புளி கொதிக்கிற மணம் வந்தது. சோறு வடித்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு வழக்கம்போல் தட்டை வைத்த சத்தம் கேட்டது. இவர் எழுந்து போகவில்லை.

அவள் கதவண்டை வந்து நின்றாள். "இந்தாருங்க. சோறு."

"இன்னிக்கு அவ பரீட்சை எழுதுறா" என்றார் சிங்காரவேலு.

அஞ்சுகம் அசையவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்த கையில் செதில் ஒட்டியிருந்தது.

"டி.சி. நான் வாங்கல. கிளார்க்கு லீவுன்னு சொன்னது பொய்யி. வாராவாரம் அங்க போயி அவ மார்க்கப் பாத்துட்டு வருவேன். டீச்சர் மூலமா ஒரு கேள்வி கேட்டேன். பதில் எழுதுனா. நல்லாருக்காளாம். ஒடம்புக்கு வாந்தியா வருதாம்."

கடைசிச் சொல்லைக் கேட்டதும் அவள் கண் இவர் பக்கம் திரும்பி உடனே விலகியது. வேலிக்கு அப்பால் யாரோ படகை இழுக்க ஆள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"என்னப் பத்தி எதாச்சும் எழுதுனாளா?"

கேட்டாள் என்று சொல்லிவிடலாம். நாக்கு வரைக்கும் வந்தது. இரண்டு மாதம் சொன்ன பொய்யே போதும்.

"இல்ல."

அஞ்சுகம் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எழுத மாட்டா" என்றாள். "எம் புள்ளல்ல அது. அவளா எறங்கி வர மாட்டா."

திரும்பி உள்ளே போனாள். சோற்றை மறுபடி பானையிலேயே கொட்டுகிற சத்தம் கேட்டது. சிங்காரவேலு பயந்துபோய் எழுந்து வந்தார். அவள் தட்டைக் கவிழ்த்துவிட்டு, குழம்புச் சட்டியைத் தட்டால் மூடிக்கொண்டிருந்தாள்.

"எத்தன மணிக்கு முடியும்?"

"ஒன்னேகால்."

சுவரில் கடிகாரம் ஒரு மணி ஆக ஐந்து நிமிஷம் காட்டியது. அஞ்சுகம் அடுப்புக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் பசி. மீன் மணத்துக்குப் பூனை ஒன்று வாசற்படி வரை வந்து, விரட்ட ஆளில்லாமல் அங்கேயே உட்கார்ந்தது. முள் நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஒன்றேகால் ஆயிற்று. இன்னும் ஒரு நிமிஷம் விட்டுத்தான் அவள் எழுந்தாள். இரண்டு தட்டு எடுத்தாள். அவருக்குப் போட்டாள், தனக்கும் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றும்போது தரையில் சிந்தியது. அதைத் துடைக்காமல், முதல் கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த பரீட்சை என்னிக்கு?"